ஞாயிறு கூடுகை: ஊழியத்துக்குத் தயங்குகிறவர்களுக்கு

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். "எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது கேளுங்கள்" என்று போன மாதம் மட்டும் நான்கு பேர் சொல்லிவிட்டீர்கள். கர்த்தர் அழைத்தபோது மோசேயும் 80 வயதில் இதையேதான் சொன்னார். கர்த்தர் ஆளை மாற்றவில்லை, அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். இங்கும் யாரையும் தனியாக நிறுத்தப்போவதில்லை.

வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், காலை 11 மணி.

1. வேதாகமத்தில் யாத்திராகமம் 3, 4, நியாயாதிபதிகள் 6 அதிகாரங்களை வாசித்து வாருங்கள். கிதியோனும் தயங்கியவர்தான்: கர்த்தர் அழைத்தது உண்மைதானா என்று ஆட்டுத் தோலைப் போட்டு இரண்டு தடவை அடையாளம் கேட்டவர்!
2. உங்கள் பயத்தை ஒரு வரியில் எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம்.
3. ஜெபக்குழு, வேதவாசிப்பு, ஓய்வுநாள் பள்ளி, நோயாளிகளைச் சந்திப்பது: இந்த ஊழியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.
4. வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். கூச்சமா? சரி, எனக்குத் தனியாக அனுப்புங்கள்.