ஒரு குழுவுக்கு ஒரே பாட்டுதானா?

கிளாசிக் ராக் வானொலிகளில் பாட்டுத் தேர்வு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் நிலையங்களைக் கேட்டு வரும் நேயர் நான். காரில் கேட்பேன், சமைக்கும்போது கேட்பேன், தூக்கம் வராத இரவுகளிலும் கேட்பேன். லெட் செப்லின் என்றால் 'ஸ்டேர்வே டு ஹெவன்', குயீன் என்றால் 'பொஹிமியன் ராப்சடி', டீப் பர்ப்பிள் என்றால் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொன்னதுமே என்ன பாட்டு வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. இந்தப் பாட்டுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இவற்றைக் கேட்டுத்தான் நானும் இந்த இசைக்குள் வந்தேன். ஆனால் ஒரு குழுவின் சிறந்த பாட்டு எது என்று வாதாட, குறைந்தது இரண்டு பாட்டாவது காதில் விழ வேண்டும் இல்லையா?

1971 நவம்பரில் வந்த லெட் செப்லினின் நான்காவது இசைத்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கம் ஸ்டேர்வேயோடு முடிகிறது. இரண்டாம் பக்கம் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டோடு முடிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஸ்டேர்வேயில் டிரம்ஸ் நுழையவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தக் காத்திருப்புதான் அதன் அழகு. லெவி அப்படி இல்லை. முதல் நொடியிலேயே குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் அடிக்கத் தொடங்கிவிடுகிறார். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு வீடு. ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்தது. அதன் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேல்படியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். நாம் கேட்பது டிரம்ஸை மட்டுமல்ல, அந்தக் கூடத்தையும்தான். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு அடியும் கரையை மோதும் தண்ணீர் மாதிரி இருக்கும். பாட்டின் விஷயமும் அதுதானே, லெவி என்றால் ஆற்றின் கரை. 1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துப் பெருகிய வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டைத்தான், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை மரபில் வந்த பாட்டைத்தான், லெட் செப்லின் தன் பாணியில் மறுபடி பாடியது.

என் ஓட்டு லெவிக்குத்தான். என் தம்பி ஸ்டேர்வே கட்சி. ஜிம்மி பேஜின் அந்தக் கிதார் சோலோவுக்கு ஈடாக உலகத்தில் எதுவும் இல்லை என்பான். சொல்லட்டும். அவன் லெவியை முழுசாகக் கேட்டதே நான் வற்புறுத்தி உட்கார வைத்த பிறகுதான். அதுதான் என் வருத்தம்.

நீளமான பாட்டு என்று சொல்லாதீர்கள். லெவி ஏழு நிமிடம், ஸ்டேர்வே எட்டு. ஜனங்களுக்குத் தெரியாத பாட்டு என்றும் சொல்லாதீர்கள். ஸ்டேர்வே அந்த நாளில் பிரிட்டனில் தனிப்பாட்டுத் தட்டாக வெளிவரவே இல்லை. அமெரிக்காவின் எஃப்எம் நிலையங்கள் திரும்பத் திரும்பப் போட்டதால்தான் அது அவ்வளவு பெரிதாக ஆனது. உங்கள் தொழிலில் இருந்தவர்கள் செய்த நல்ல காரியம் அது.

அப்புறம் குயீன். பொஹிமியன் ராப்சடியின் ஓபரா பகுதிக்காக மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து உழைத்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. 1975இல் வெளிவந்து பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது நியாயமே. ஆனால் அந்தப் பாட்டு இருக்கும் அதே தொகுப்பின் முதல் பக்கத்தில் ''39' என்று மூன்றரை நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. பிரையன் மே எழுதி அவரே பாடியது. வானியற்பியல் ஆய்வை இசைக்காகப் பாதியில் நிறுத்தி, 2007இல் திரும்பப் போய் முனைவர் பட்டத்தை முடித்த மனிதர் அவர். பாட்டின் கதை இதுதான்: புது நிலம் தேடி விண்வெளிக்குப் போனவன் திரும்பி வருகிறான். அவனுக்கு ஒரு வயதுதான் கூடியிருக்கிறது. பூமியிலோ நூறு வருடம் ஓடிவிட்டது. விட்டுப் போனவளின் கண்களை அவளுடைய வாரிசின் முகத்தில் பார்க்கிறான். இதைச் சாதாரண அக்கூஸ்டிக் கிதாரோடு, கடலோடிகளின் நாட்டுப்பாட்டு போலப் பாடுகிறார்கள். ராப்சடி என்னை வியக்க வைக்கும். ''39' அழ வைத்திருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் முன்னால் நிற்கிறது.

இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' பாட்டில் இயன் கில்லன் குரல் படிப்படியாக ஏறிப்போவதைக் கேட்ட பிறகு 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' எனக்கு இரண்டாம் இடம்தான். கிங்க்ஸ் குழுவில் மட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்து அதன் கிதார் கலைஞர் டேவ் டேவிஸ் கொண்டுவந்த அந்தக் கரகரப்பு 1964இன் 'யூ ரியலி காட் மீ'யில் இருக்கிறது. அண்ணன் ரே 1967இல் எழுதிய 'வாட்டர்லூ சன்செட்'டிலோ, ஜன்னல் வழியே தேம்ஸ் ஆற்றையும் போய்வரும் ஜனங்களையும் பார்த்துக்கொண்டு ஒருவன் நிம்மதியாக இருக்கிறான். ஒரே வீட்டுப் பாட்டுகளா இவை என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

சரி, நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பாட்டு, எல்லோருக்கும் தெரிந்தது ஒன்று, நீங்கள் மறந்துபோனது ஒன்று. நடுவில் பேச்சோ விளம்பரமோ வேண்டாம். முடிந்ததும் நேயர்களைப் பேச விடுங்கள். முதல் வாரம் அந்த நான்காவது தட்டிலிருந்தே தொடங்கலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் நேயர்