மாத்திரையோடு பயிற்சியும் வீடு தேடி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், அதன் விளிம்பில் நிற்பவர்களுக்கும் எல்லோரும் சொல்வது 'தினமும் நடங்க' என்பதுதான். நல்ல அறிவுரை. ஆனால் மழை, தெருநாய், மூட்டுவலி என்று ஏதாவது வந்து நடை நின்றால், உடற்பயிற்சியே நின்றுபோகிறது. வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று யாரும் செய்து காட்டுவதில்லை.

சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாகப் பலிக்காதவர்களிடமும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருப்பதால் அங்கிருந்து தொடங்குவதே சரி.

மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் சறுக்கும், வேண்டாம். முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைச் சற்றே பின்னுக்கு இழுத்து, கைகளை மார்பில் கட்டி எழுந்திருங்கள். மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்கி உட்காருங்கள். தொப்பென்று உட்கார்ந்தால் தொடைக்கு வேலையே இருக்காது. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பத்து முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மறுபடி பத்து. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். விழித்திரை பாதித்தவர்களுக்கு அது ஆபத்து. பிறகு சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது பதினைந்து. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் பயிற்சியின் பலன் மங்கத் தொடங்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூடத்திலேயே 10 முதல் 15 நிமிட நடை, தினமும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள், சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே தொடங்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்று பொருள்; உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. பாதம் மரத்தவர்கள் வெறுங்காலுடன் செய்யக் கூடாது. முடித்ததும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவும் உடலுழைப்பும் மாறியவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 26.4. இவற்றில் மாத்திரை மட்டும்தான் இன்று வீட்டு வாசலுக்கு வருகிறது. 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்களுக்கு அவர்கள் இந்த மூன்று பயிற்சிகளையும் எச்சரிக்கைகளையும் கற்றுக்கொடுத்து, வீட்டுக்கு ஐந்து நிமிடம் செய்து காட்டச் சொல்லும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
மதுரை.