தொண்டி மாணவிக்குத் தாங்கள் தந்த பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கத்தில், தொண்டியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவி ஒருவர், ரெட்டரிக் (சொல்லாலும் வாதத்தாலும் பிறரை இசைய வைக்கும் கலை) என்ற பாடத்தை முதன்மைப் பாடமாக எடுத்து இளங்கலை படிக்க முடியுமாமே, அது என்ன படிப்பு என்று கேட்டிருந்தார். தங்கள் நிபுணர் மூன்றே வரியில் முடித்துவிட்டார்: "பேசுவதற்கு எதற்கம்மா பட்டம்? நாலு பட்டிமன்றம் பார்த்தால் தானாக வந்துவிடும். உங்கள் பகுதிக்கு நர்சிங், மீன்வளம் போன்ற படிப்புகளே ஏற்றவை."

நர்சிங்கோ மீன்வளமோ குறைந்த படிப்பு என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகள் பலர் அந்த வேலைகளில்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். "உங்கள் பகுதிக்கு" என்பதுதான் நெஞ்சில் தைத்தது. இதே கேள்வியைச் சென்னைப் பெண் ஒருத்தி கேட்டிருந்தால் இந்த மூன்று வரியோடு அனுப்பியிருப்பாரா? வெளிநாட்டுப் படிப்பின் செலவு மீனவக் குடும்பத்துக்கு எட்டாது என்று அவர் எழுதியிருந்தால், உண்மைதான் என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன். அவர் பேசியது செலவைப் பற்றி அல்ல.

கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் ரெட்டரிக் ஒரு தனித் துறை. அதை முதன்மைப் பாடமாகக் கொண்டு இளங்கலைப் பட்டமே தருகிறார்கள். ஒரு வாதம் எப்படிக் கட்டப்படுகிறது, யார் சொன்னால் எடுபடுகிறது, கேட்பவர் எதனால் இசைகிறார் என்பதைச் சட்டம், அரசியல், திரைப்படம் என்று எல்லா இடத்திலும் வைத்து ஆராய்கிற படிப்பு அது. மேடை நடுக்கம் போக்குகிற பயிற்சி வகுப்பு அல்ல. இந்தக் கலை பிறந்த கதையைத் தாங்கள் அறியாதவரல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் கொடுங்கோலர் ஆட்சி வீழ்ந்த பிறகு, பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டு வழக்காட வந்த சாமானியர்களுக்காகத்தான் இது முதலில் கற்பிக்கப்பட்டது என்பார்கள். பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கடற்கரையில் குடியிருக்கும் எங்கள் சனங்களுக்கு இது ஆகாத படிப்பா?

நம் வள்ளுவரும் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களைப் பொருட்பாலில்தான் வைத்திருக்கிறார். அரசனுக்குப் பக்கத்தில் நின்று நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல வேண்டியவனுக்கான பாடம் அது. நாம் அதை ஆண்டு விழாவில் ஒப்பிக்க வைத்துப் பேனா பரிசு கொடுக்கிறோம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தை அணிகளின் பெயர்ப் பட்டியலாக்கித் தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

பேச்சு மூன்று வகை என்றார் அரிஸ்டாட்டில். இனி என்ன செய்யலாம் என்று அவையில் பேசுவது, நடந்தது என்ன என்று மன்றத்தில் வழக்காடுவது, ஒருவரைப் புகழ்வது அல்லது இகழ்வது. நம் பள்ளிகளில் வளர்ந்திருப்பது மூன்றாவது மட்டுமே. நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் மாவட்டப் பேச்சுப்போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். தலைவரின் பிறந்த நாள், தமிழின் பெருமை, தாய்மையின் சிறப்பு. ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை கையை வீசி ஒப்பிக்கும். ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தலைப்பாகக் கொடுத்து, எதிர்த் தரப்புக்கும் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் வம்பு டீச்சர்" என்பதுதான் பதில். இதுபற்றித் தங்களுக்கும் கடிதங்கள் எழுதினேன். ஒன்றுகூட அச்சேறவில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கடலோரத் திட்டத்துக்காக நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுக்கும் பெண் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். "இந்த அறிக்கையில வள்ளத்தையும் விசைப்படகையும் எண்ணி, இத்தனை மீனவர்னு போட்டிருக்கீங்க ஐயா. பாசி எடுக்கிற நாங்க மூக்கைப் பிடிச்சு முங்குறவங்க, எங்களுக்குச் சொந்தப் படகு கிடையாது. அப்போ எங்களை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க? அதை மட்டும் காட்டுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. மேடையில் இருந்தவர்கள் பக்கங்களைப் புரட்டினார்கள். காட்ட முடியவில்லை. "பதிவு செய்து கொள்கிறோம் அம்மா" என்றார்கள்.

மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தார்கள். "வாழ்வாதாரம் பாதிக்கப்படும் எனப் பெண்கள் கவலை தெரிவித்தனர்" என்று இருந்தது. அந்த அம்மா கவலை தெரிவிக்கவில்லை, கேள்வி கேட்டார். கேள்வி என்றால் பதில் சொல்லியாக வேண்டும். கவலை என்றால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த ஒரு வரியில் நடந்த களவை அரங்கில் எத்தனை பேர் கண்டோம்? கண்டவர்களும் என்ன சொல்லி மறுப்பது என்று தெரியாமல் நாற்காலியில் கிடந்தோம். எழுந்து "குறிப்பைத் திருத்துங்கள், அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள்" என்று சொல்ல ஊருக்கு ஒரு பிள்ளை வேண்டும் ஐயா. அந்தப் பிள்ளைதான் தொண்டியிலிருந்து உங்களுக்குக் கடிதம் எழுதியது என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் தங்கள் நாளிதழில் வந்த தலைப்பு: "கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மீனவப் பெண்கள் கண்ணீர்." யாரும் அழவில்லை. எங்கள் பெண்கள் வாயைத் திறந்தாலே அது அழுகை, எங்கள் ஆண்கள் திறந்தால் அது கூச்சல், சலசலப்பு. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானபின், அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்தே வளர்ந்தவர்கள் அத்துமீறுபவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் தரப்பு நியாயத்தை ஒரு பத்தியாவது தங்கள் இதழில் முழுதாகப் படித்த நினைவு எனக்கு இல்லை. இலங்கையில் எங்கள் பையன்கள் பிடிபட்டால் படம் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. அதிகாரிகளை இங்கே மாற்றினால் "தண்ணியில்லாக் காட்டுக்கு" என்று எழுதுகிறீர்கள். அந்தக் காட்டில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகத் தங்கள் சந்தாதாரராக இருப்பவள் நான்.

சிகாகோவில் பேசிவிட்டு 1897 ஜனவரியில் விவேகானந்தர் தாயகம் திரும்பியபோது கரையிறங்கியது பாம்பனில். எதிர்கொண்டு வரவேற்றவர் எங்கள் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகும்படி ஊக்கி, பொருளும் கொடுத்தவர் சேதுபதிதான். ஒரு நல்ல பேச்சு என்ன செய்யும் என்பதை இந்தச் சீமைக்குத் தங்கள் நிபுணர் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மாணவியின் கேள்வியை மறுபடி வெளியிட்டு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு முழுப் பதில் தாருங்கள். அப்படி ஒரு பட்டப்படிப்பு உண்டு என்று சொல்லுங்கள். அதில் எதைப் படிப்பார்கள், எவ்வளவு செலவாகும், உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுங்கள். அது முடியாவிட்டால் இங்கேயே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலோ, தத்துவத்திலோ, தமிழ், ஆங்கில இலக்கியத்திலோ சேர்ந்து அதன் பகுதிகளை எப்படிக் கற்கலாம் என்றும் எழுதுங்கள். கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. வரும் வாரமே வெளியிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.