பச்சையாக முளைத்துப் பொன்னாகும் ஹோஸ்டா

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தொலைபேசிக்கு ஒரே கேள்விதான்: "பொன்னிறம் என்று சொல்லித் தந்தீர்கள், இலை பச்சையாக வந்திருக்கிறதே?" இலையழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டா செடியில் 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' என்ற வகையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். கன்று மாறிப்போகவில்லை. அது அப்படித்தான் முளைக்கும்.

பொன்னிலை ஹோஸ்டாக்களில் சில, மஞ்சளாக முளைத்துக் கோடை ஏற ஏறப் பச்சையாகிவிடும். இது நேர்மாறு. இளம்பச்சையாக விரிந்து, வெயில் படப்பட எலுமிச்சை நிறத்துக்கு வந்து, பிறகு பொன்னாகும். எவ்வளவு பொன் என்பதை நீங்கள் நடும் இடம்தான் தீர்மானிக்கிறது. காலை வெயில் சில மணிநேரம் விழும் கிழக்குப் பக்கம் மிக நல்லது. வீட்டின் வடக்குச் சுவரோரம், நாள் முழுதும் நிழலில் வைத்தால் பருவம் முழுவதும் இளம்பச்சையாகவே நிற்கும், அது நோயில்லை. ஹோஸ்டா என்றாலே நிழல் செடி என்று நினைப்பவர்கள் பலர். இந்த வகை மற்றவற்றைவிட வெயில் தாங்கும். ஆனால் மண் ஈரமாக இருக்க வேண்டும். ஜூலை மாதத்துப் பிற்பகல் வெயிலில், காய்ந்த மண்ணில் விட்டால் இலை ஓரம் கருகும்.

ஹோஸ்டாக்களின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா. 19ஆம் நூற்றாண்டில் சீபோல்ட் என்ற மருத்துவர் ஜப்பானிலிருந்து ஹாலந்துக்குக் கொண்டுவந்த செடிகளால்தான் ஐரோப்பியத் தோட்டங்களில் இவை பரவின. ஜப்பானில் சில ஹோஸ்டாக்களின் இளந்தளிரை 'உருய்' என்று சொல்லிக் கறியாகச் சமைக்கிறார்கள். எங்களிடம் வாங்கியதைத் தயவுசெய்து சமைக்க வேண்டாம். அழகுக்கு வளர்த்த செடிகளுக்கு மருந்து அடித்திருக்கும். நாயும் பூனையும் தின்றால் வாந்தி எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' அமெரிக்காவில் உருவானது. நியூயார்க்கைச் சேர்ந்த பால் ஏடன் 1980இல் இதைப் பதிவுசெய்தார். தாய் தந்தைச் செடிகள் எவை என்பதற்கு உறுதியான பதிவு கிடையாது. பின்னாளில் ஹாலந்து ஆய்வாளர் பென் சோனவெல்ட், ஹோஸ்டாக்களின் மரபணுப் பொருளை அளந்து பார்த்தபோது, வழக்கமான இரண்டு தொகுதிக் குரோமோசோம்களுக்குப் பதிலாக இதற்கு மூன்று இருப்பது தெரிந்தது. தோல்போல் தடித்த இலைக்கு அதுவும் ஒரு காரணம். விதை அரிதாகவே பிடிக்கும். பிடித்தாலும் விதைக்கன்று தாயைப்போல் வராது. ஆகவே தூரைப் பிரித்தோ திசு வளர்ப்பிலோதான் பெருக்குகிறார்கள். 2004இல் அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்பாளர் சங்கம் இதை ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்ந்தெடுத்தது. எங்களைக் கேட்டால் அது தாமதமாக வந்த மரியாதை.

வாங்குமுன் இடத்தை அளந்துகொள்ளுங்கள். கடையில் சின்னப் பூச்சாடியில் அடக்கமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில ஆண்டுகளில் ஒரு இலையே ஒன்றரை அடியைத் தொடும். தூர் ஐந்தாறு அடி அகலத்துக்குப் பரந்து பக்கத்துச் செடிகளை மூடிவிடும். கோடையில் வெளிர் ஊதாப் பூக்கள் தண்டில் வரும். பூவுக்காக இதை வாங்குவோர் குறைவு. தடித்த இலை என்பதால் ஓடில்லா நத்தைகள் அவ்வளவாகக் கடிப்பதில்லை. மானுக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. ஒன்ராறியோவில் காட்டோரம் வீடு உள்ளவர்கள் வேலி போடாமல் நட வேண்டாம்.

மலிவாக வேறிடத்தில் வாங்குவோருக்கு ஒரு சொல். 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்' என்ற நோய் 1996இல் மினசோட்டாவில் கண்டறியப்பட்டது. இந்த வகையில் அது அடிக்கடி காணப்பட்டிருக்கிறது. பொன்னிலையில் நரம்போரமாகப் பச்சை மை கசிந்ததுபோல் திட்டுகள் பரவினால், அந்த இடம் சுருங்கித் தடித்தால், சந்தேகப்படுங்கள். மருந்து இல்லை. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டும் கத்தியில் ஒட்டும் சாறுவழியே பரவுவதால், நாங்கள் ஒவ்வொரு தூரைப் பிரித்த பிறகும் கத்தியைக் கிருமிநீக்கம் செய்கிறோம். நீங்களும் வீட்டில் பிரிக்கும்போது அப்படியே செய்யுங்கள்.

பின்வளவு சிறியது என்றால் 'ஆகஸ்ட் மூன்' வகையைக் கேளுங்கள். அதுவும் பொன்னிலைதான், பாதியளவு இடம் போதும். இரண்டும் கடையில் இருக்கின்றன. வருமுன் ஒரு முறை அழைத்தால் நல்ல தூராகப் பார்த்து எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் நாற்றுப்பண்ணையினர்