ஹிமேஜிக்குப் போய்வந்த மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய ஹிமேஜிக் கோட்டைப் படங்களை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வெள்ளைச் சுதை பூசிய சுவர்களும், அடுக்கடுக்கான கூரைகளும், முக்கோணமும் வட்டமுமாக விட்டிருக்கும் துப்பாக்கித் துளைகளும் தெளிவாக விழுந்திருக்கின்றன. உன் முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. எடுத்துத் தர உடன் யாரும் வரவில்லை போலிருக்கிறது.

1609-இல் எழுப்பிய கோபுரம், 1945-இல் ஊரே குண்டுவீச்சில் எரிந்தபோது, உச்சியில் விழுந்த குண்டு வெடிக்காததால் தப்பியது என்பதும், வெளியே ஐந்து நிலையாகத் தெரிவது உள்ளே ஆறு தளமும் ஒரு நிலவறையும் என்பதும், காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி செங்குத்தான மரப்படிகளில் ஏறவேண்டும் என்பதும் நீ எழுதித்தான் எங்களுக்குத் தெரியும். கல் போதாமல் கோட்டை வேலை தடைப்பட்டபோது ஓர் ஏழைக் கிழவி தன் திரிகைக் கல்லையே கொடுத்தாள் என்ற கதையையும், மதிலில் கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கல்லையும் நீ விவரித்ததை அப்பா பார்ப்பவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். இவ்வளவு கூர்ந்து பார்த்தவள், அன்று மாலையே ரயிலேறிவிட்டேன் என்கிறாயே, அதுதான் மனத்துக்கு ஒப்பவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. வேகவைத்த முள்ளங்கிக்கும் முட்டைக்கும் இஞ்சி கலந்த சோயா சாறு ஊற்றித் தரும் ஓடென் அந்த ஊருக்கே உரியதாமே. ஒரு கடையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டிருக்கலாம்.

அக்டோபர் 14, 15 தேதிகளில் அதே ஊரின் மட்சுபாரா ஹச்சிமான் கோயில் திருவிழாவில் சாமிப் பல்லக்குகளைத் தோளில் சுமந்து வந்து ஒன்றோடொன்று மோதவிடுவார்களாம். அதற்குக் கட்டாயம் போ. இந்தமுறை ஓர் இரவாவது தங்கு. கூட்டத்தோடு நின்று நீயும் வாய்விட்டுக் கத்திவிட்டு வா. வேளைக்குச் சாப்பிடு.

மேற்கு அரணில் வாழ்ந்த சென்ஹிமே இளவரசியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாய். நான் தேடிப் படித்தேன். மகனைப் பறிகொடுத்து, 1626-இல் கணவனையும் இழந்தபின், அவள் அந்தக் கோட்டையை விட்டுப் பிறந்த வீட்டார் இருந்த எடோவுக்கே, அதாவது இன்றைய டோக்கியோவுக்கே, திரும்பிவிட்டாள். அங்கே அவளுக்கு இடம் இருந்தது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. திருவிழா முடிந்து விடுமுறைக்கு இங்கே வருவதானால் முன்கூட்டியே எழுது. தனியாக வந்தாலும் சரிதான்.

அன்புடன்,
அம்மா