அழித்துச் செய்கிறேன், ஆச்சி

ஆச்சிக்கு,

நாளைக் காலை, உன் காதில் தோள்வரை தொங்கிய அந்தப் பாம்படங்களை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகிறேன். அழித்து, என் மகள் கல்யாணத்துக்கு ஜிமிக்கியும் மாட்டலும் செய்யப் போகிறேன். முடிவெடுத்து மூன்று வாரம் ஆகிறது. நீ போய் இந்த ஆவணியோடு இருபத்தைந்து வருடம். உன்னிடம் சொல்லாமல் அவற்றை அழிக்கக் கொடுக்கக் கை வரவில்லை.

அவை எப்படி என் கைக்கு வந்தன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சித்தப்பா வீட்டில் இதைப் படிப்பார்கள். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்.

பாளையங்கோட்டையில் இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன், ஆச்சி. தாயும் மகளும் சேர்ந்து வந்து அளவு கொடுப்பார்கள். அம்மா என் காதருகே வந்து, முதுகுப் பக்கம் கழுத்தைக் கொஞ்சம் ஏற்றித் தைத்துவிடுங்கள் என்பாள். அவர்கள் படியிறங்கிப் போன பிறகு மகளிடமிருந்து போனில் செய்தி வரும்: இரண்டு இஞ்ச் இறக்கித் தையுங்கள் அக்கா. அந்த இரண்டு இஞ்சுக்கு நடுவில்தான் என் பிழைப்பு நடக்கிறது. ஆரி வேலைக்கும் லைனிங்குக்கும் வாங்குவது கூலி. அந்த இரண்டு இஞ்சை எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் தொழில். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது தையல் வகுப்பு இல்லை, நீ.

நாலு வயதில் என்னைத் திண்ணையிலிருந்து வாசல்வரை நடக்கவிட்டாய். தலையில் செம்பு. "கழுத்து ஆடக் கூடாது. காதுதான் ஆட வேண்டும்" என்றாய். எனக்கு ஆடுவதற்குக் காதில் ஒன்றுமில்லை, இரண்டு சின்னத் தோடுகள்தான். நீ முன்னே நடந்து காட்டினாய். பாதம் தரையில் பட்ட அதிர்வு இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, கடைசியில் பாம்படத்தில் போய் மெல்ல ஆடியது. கழுத்து மட்டும் கோயில் தூண் போல நின்றது. அந்த நடையைப் பார்த்துத்தான் தாத்தா களக்காட்டுச் சந்தையில் மாட்டை விற்க மறந்தார் என்று ஊரில் சொல்வார்கள். நீ மறுத்ததே இல்லை.

அந்தக் காதைத்தான் 1983இல் அறுத்தோம்.

அறுத்தோம் என்று எழுதிவிட்டேன். நீயாகத்தான் வந்து, காதைத் தைத்துவிடலாம் என்றாய். திருட்டுப் பயம் என்று அப்பா ஊருக்குச் சொன்னார். பாம்படத்தோடு காதையும் பிய்த்துக்கொண்டு ஓடிய கதைகள் அப்போது நிறைய இருந்தன, அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதம் நீ என் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்திருந்தாய். எந்தப் பள்ளி என்று எழுதமாட்டேன். விடுதித் தோழிகள் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி உன் காதுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே பாம்படத்தைக் கழற்றி மடியில் வைத்துக் காட்டினாய். இரண்டு விரல் போயிற்று. பிறகு இன்னொருத்தி பேனாவை விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், ஆச்சி. பதின்மூன்று வயது. நீ என் முகத்தைத்தான் பார்த்தாய், அவர்கள் முகத்தை அல்ல.

களக்காடு பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். பேசாமல் இருந்து நாற்பது வருடம் என்னைச் சுமக்கவிட்டாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கையெழுத்துப் போடவும் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டும் என்று என்னைத்தான் கூட்டிப்போனாய். மரத்துப்போக ஊசி போட்டார்கள். டாக்டர் நல்லவர்தான், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன காட்டுமிராண்டிப் பழக்கம்!" என்றார். பிறந்த சில நாளில் உன் மடலில் துளை போட்டு, பஞ்சைத் திணித்து, அப்புறம் ஓலைச் சுருளைச் செருகி, அது விரிய விரிய, ஈயக் குணுக்கு தொங்கவிட்டு, தோளைத் தொடும்வரை உன் அம்மா காத்திருந்த வருடங்களை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். பிறகு பல வருடம் கழித்துத்தான் நான் படித்தேன்: ஐரோப்பாவில் சீமாட்டிகள் திமிங்கிலத்தின் வாய்த்தகட்டுப் பட்டை வைத்த கச்சையால் இடுப்பை இறுக்கிக்கொண்டு மூச்சுவிட முடியாமல் நடந்திருக்கிறார்கள். சீனத்தில் சிறுமிகளின் பாத எலும்பை மடக்கிக் கட்டினார்கள், குடியரசு வந்து 1912இல் தடை போட்ட பிறகும் உடனே நின்றுவிடவில்லை. அழகுக்காக உடம்பை வளைக்காத தேசம் எது என்று அந்த டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவர்சில்வர் தட்டில் இரண்டு துண்டுகள் கிடந்தன. வாடிய வெற்றிலைக் காம்பு மாதிரி, சுருண்டு. மிச்ச மடலின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். நீ கண்ணைத் திறந்து, "அதைக் கொடுங்கள்" என்றாய்.

"அதை வைத்து என்ன செய்வாய் பாட்டி?"

நீ பதில் சொல்லவில்லை. கையை நீட்டியபடியே இருந்தாய். நர்சம்மாள் பஞ்சில் வைத்துக் கொடுத்தாள். வெற்றிலைப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, அதற்குள் வைத்து மடித்து, முந்தியில் முடிந்துகொண்டாய். வீட்டுக்கு வந்து செவ்வரளி மூட்டில் குழி தோண்டிப் புதைத்தாய். என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாய். அதன் பிறகு பல மாதம், குனிந்து கோலம் போடும்போதெல்லாம் உன் இடது கை காதுக்குப் போகும், இல்லாத பாம்படத்தைப் பிடிக்க. நான் அதைப் பார்க்காத மாதிரி இருப்பேன்.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்று மேலே வருகிறது.

அதே நீதான், நான் கல்லூரி இரண்டாம் வருடம் புருவம் திருத்திக்கொண்டு வந்தபோது, வாசலில் நாலு பேர் நிற்க, "ஏட்டி மினுக்கி, யாரை மயக்கப் போகிறாய்?" என்று கேட்டாய். வெள்ளிதோறும் கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் தேய்த்து, "எவ்வளவு தேய்த்தும் இந்தக் கறுப்பு போகவில்லையே" என்று என் தோலைக் குறை சொன்ன கையும் உன் கைதான். நடையில் ஒருவனைக் கட்டிப்போட்டவள் நீ. எனக்கு மட்டும் ஏன் அது ஆகாது என்றாய்? பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நீ சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன்.

ஆனால் மினுக்கி என்ற சொல்லை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நீ முதல் ரவிக்கை தைத்துப் போட்டபோது உன் மாமியார் சொன்ன சொல் அது. அவளுக்கு முந்தியால் மூடுவதே மூடுவது. அதற்கு உள்ளே இன்னொரு துணி தைத்துப் போடுகிறவள் யாரையோ மயக்கத்தான் போடுகிறாள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், மார்பை மூடியதற்காகவே நாடார் பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். 1859இல் வந்த அனுமதிகூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒரு முழத் துணி. அங்கே அது உரிமை, உன் மாமியாருக்கு அது மினுக்கம், என் கடையில் இன்றைக்கு அது அடக்கம். உன் மாமியாரிடம் நீ என்ன பதில் சொன்னாய் என்று நூறு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாய்: "மகாலட்சுமியே ரவிக்கை போட்டுத்தானே நிற்கிறாள்?" சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம் ரவிவர்மா பாணி. 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் வைத்து, கடவுளர் படங்களை வீடு வீடாகப் போகச் செய்தார். அந்தத் தேவிகளுக்கு முன்கொசுவம், ரவிக்கை எல்லாம் உண்டு. அதற்கும் முன்னால், 1860களில், தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி பம்பாயில் பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ரவிக்கையோடும் உள்பாவாடையோடும் வங்காளப் பெண்களுக்குப் புதுக்கட்டு பழக்கினார். அங்கேயும் ஒரு மாமியார் முகம் சுளித்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

போன தை மாதம் மகளைக் கிருஷ்ணாபுரத்துக்குக் கூட்டிப்போனேன். திருச்செந்தூர் சாலையில், உனக்குப் பிடித்த வேங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத் தூணில் ரதி அன்னத்தின் மேல் நிற்கிறாள். ரவிக்கை கிடையாது. காதில் கனத்த குழை. மகள் போனில் படமெடுத்து, "என்ன அழகு அம்மா, இந்த மாதிரி ஜிமிக்கி வேண்டும்" என்றாள். உன்னைப் பார்த்திருந்தால் பேனாவை விட்டிருப்பாளோ என்று நினைத்தேன். நினைத்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

அழிக்காதே, அருங்காட்சியகத்துக்குக் கொடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் உன் பாம்படம் எதில் செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. உன் அம்மா காதில் போட்டிருந்த பழைய தண்டட்டியை அழித்துச் செய்தது. "அது யாருக்கு வேண்டும், கிழவி நகை" என்று நீயே சொன்னாய். பதினாறு வயதில் ஆசாரி வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்க உட்கார்ந்து, தகட்டை மடக்கிச் சதுரமும் உருண்டையுமாக அடிப்பதைப் பார்த்தாய், கண்ணெடுக்காமல். உன் அம்மா அழுதாளா என்று ஒரு தடவை கேட்டேன். "அவள் அழுதாள், நான் பார்க்கவில்லை" என்றாய். இந்தத் தங்கம் எத்தனை காதுகளைப் பார்த்ததோ தெரியாது. எந்தக் காதிலும் பழசாக அது இருந்ததில்லை.

இப்படிச் சொல்லித்தான் மூன்று வாரமாக என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஜிமிக்கிக்கு வேறு தங்கம் வாங்கப் பணம் கையில் இருந்திருந்தால் இதைப் பெட்டியிலேயே வைத்திருப்பேன்.

இரண்டும் சேர்த்து ஆறு பவுன் என்று நீ சொல்வாய். முன்னதாகக் காட்டியபோது ஆசாரி தராசில் வைக்கவே இல்லை. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "மேலே தகடுதான் அம்மா, உள்ளே முழுக்க அரக்கு. ஊதினால்தான் தெரியும்" என்றார். அந்த அரக்கை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று அவரும் கேட்டார்.

செவ்வரளி இன்னும் நிற்கிறது. பாகம் பிரித்தபோது சுவர் எழுப்பியதில் அது சித்தப்பா வீட்டுப் பக்கம் போய்விட்டது. கேட்டுத்தான் தோண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், சித்தி. பத்து நிமிடம் போதும்.