ரேடான் வேறு, தோரான் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மணவாளக்குறிச்சி, மிடாலம் பகுதிக் கருமணலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'வீட்டுக்குள் ரேடான்' என்ற பயமும் சேர்ந்தே கிளம்புகிறது. ரேடான் என்பது மண்ணிலும் பாறையிலும் இருந்து வரும் கதிரியக்க வாயு. பயம் வெற்றுப் பயம் அல்ல. பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த பெரிய காரணம் ரேடான்தான். ஆனால் குமரிக் கடற்கரை மணலிலிருந்து பெருமளவு வெளிவருவது ரேடானின் உடன்பிறப்பான தோரான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் அளப்பதும் தவறாகிறது, செய்யும் பரிகாரமும் வீணாகிறது.

ரேடான் யுரேனியம் சிதையும் வழியில் பிறப்பது. பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும். அதற்குள் பல அடி ஆழத்திலிருந்துகூடத் தரை வெடிப்பு வழியே வீட்டுக்குள் ஏறிவிடும். தோரான் தோரியம் சிதையும் வழியில் பிறப்பது. கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் ஆக்சைடு எடையில் 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். யுரேனியம் அரை சதவீதம்கூடத் தேறாது. தோரான் 56 விநாடியில் பாதியாகிவிடுவதால் மண்ணுக்குள் சில சென்டிமீட்டர்தான் அதனால் நகர முடியும். ஆகவே ஆழத்து மண்ணைப் பற்றிக் கவலைப்படுவதைவிடச் சுவரின் பூச்சையும் தரையின் மேற்பரப்பையும் பார்ப்பதே முக்கியம். கடற்கரை மணலைக் கலவையில் சேர்த்துப் பூசிய சுவரும், அந்த மணலை நிரப்பிச் சிமெண்ட் போடாமல் விட்ட தரையும்தான் அங்கே வாயுவை விடுகின்றன.

இதற்குக் கை மருந்து எளிது. ஆற்றுமணலோ எம்-சாண்டோ சேர்த்த கலவையில் 12 மி.மீ. பூச்சு, அதன்மேல் பட்டி, பிரைமர், பெயின்ட். பூச்சைக் கடக்க எடுக்கும் நேரத்திலேயே தோரானில் பெரும்பகுதி அழிந்துவிடும். வெடிப்பை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. மணலிலிருந்து வரும் ஊடுருவும் காமா கதிரை இந்தப் பூச்சு தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் புது வீட்டுக்குப் பேஸ்மட்டம் நிரப்பக்கூடக் கடற்கரை மணலைத் தொடாமல் இருப்பதே சரி. இதே போன்ற மணல் கொண்ட கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த பெரிய ஆய்வு (2009) காமா கதிரால் புற்றுநோய் கூடவில்லை என்றது. நல்ல செய்திதான், ஆனால் அதை வீட்டுக் காற்றுக்கு நற்சான்றாகக் காட்டுவது தவறு.

அளப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. கதிரின் தடம் பதியும் படலம் வைத்த சிறு டப்பாவை மூன்று மாதம் வீட்டில் தொங்கவிடுவது வழக்கம். அதைச் சுவரில் ஒட்டிவிட்டால் தோரான் அளவு பல மடங்கு கூடுதலாகத் தெரியும். சுவரை விட்டு ஓரடி தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும். அறையின் நடுப்பக்கம், ஜன்னலும் மின்விசிறியும் நேராகப் படாத இடத்தில், மூச்சு விடும் உயரத்தில் தொங்கவேண்டும். அப்போதும் பாதி உண்மைதான் கிடைக்கும். தோரானிலிருந்து பிறக்கும் ஈயம்-212 பாதியாக 10.6 மணி நேரம் ஆவதால் அறை முழுவதும் பரவி நிற்கிறது. நுரையீரலுக்குக் கேடு அதன் வழியாகத்தான். ஈயம்-212 போன்ற, தோரான் சிதைந்து பிறக்கும் சேய்த் தனிமங்களைத் தனியே அளக்காமல் கடற்கரை வீட்டுக்கு முடிவு சொல்லவே கூடாது.

உள்மாவட்டங்களின் கிரானைட், நைஸ் (பட்டை பட்டையான கடினப் பாறை) பாறைகள் மேல் நிற்கும் வீடுகளின் கணக்கு வேறு. அங்கே பார்க்கவேண்டியது ரேடானை. பாறையில் யுரேனியம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். வாயு மேலே வர வழி இருக்கிறதா என்பது மறுபாதி. வெடிப்பு விட்ட பாறையும் சரளையும் வழி விடும், ஈரக் களிமண் அடைத்துவிடும். அதனால் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டில்கூட அளவு மாறும். நீலகிரியில் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருக்கும் சூடான காற்று மேலெழுந்து மண்ணின் காற்றை இழுக்கும். சமவெளியில் இரவெல்லாம் ஏ.சி. ஓடும் பூட்டிய அறையிலும் வாயு தேங்கும்.

கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (விநாடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு) என்பது ரேடானுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. முடியாத இடத்தில் 300-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், தரைக்கு அடியில் சிறு குழி எடுத்து 4 அங்குல பி.வி.சி. குழாய் இறக்கி, விசிறி வைத்து மண்காற்றைக் கூரைக்கு மேல் வெளியேற்றுவார்கள். விசிறி அறைக்குள் இருக்கக் கூடாது. அதற்கு மேலுள்ள குழாயில் காற்று வெளித்தள்ளும் அழுத்தத்தில் இருப்பதால், ஓர் இணைப்பு கசிந்தாலும் வாயு வீட்டுக்குள்ளேயே வந்து விழும். அடியில் களிமண் மட்டும் என்றால் உறிஞ்சல் பரவாது. புது வீட்டில் தளம் போடும் முன்பே 10 செ.மீ. ஜல்லி பரப்பி, மேலே பாலித்தீன் விரித்துவிட்டால் வேலை சுலபம். இந்தக் குழாயைக் கடற்கரை வீட்டில் போட்டால் பூச்சிலிருந்து வரும் தோரான் துளியும் குறையாது.

பாறையில் இறக்கிய ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ரேடான் கரைந்து வரும். அதை நேராகக் குளியலறைக்குக் கொடுக்காமல், மேல்தொட்டியில் உயரத்திலிருந்து சிதறி விழவிட்டு, தொட்டிக்குக் காற்றுப்போக்கும் வைத்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

குமரிக் கடற்கரையில் யாராவது அளவுச் சீட்டைக் கொடுத்தால், அதில் தோரானுக்குத் தனிப் பத்தி இருக்கிறதா என்று மக்கள் கேட்கட்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்லட்டும்.

— நிலவியல் வாசகர், நாகர்கோவில்